கொறஞ்சிருக்குங்க என்ற பதில்

டாக்டர் வசந்தா இறந்துவிட்டார் என்று போன் வந்தபோது வளப்பூரில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு இது கசக்கலாம்.

நரம்புக்குள் சோடியம் நுழையும் வழியை அடைத்தால் வலி மூளைக்கு எட்டாது. இதயத்தைத் தொடாமல் வலி நரம்பில் மட்டும் அந்த வழியை அடைக்கும் மாத்திரைக்காக அவர் பாதி ஆயுளைக் கொடுத்தார். அதைச் சோதிக்க எங்கள் கொல்லிமலைக்கு வந்தபோது, நர்ஸான என்னைச் சேர்த்துக்கொண்டார். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது.

முதலில் வந்தவர் பாப்பாயி அக்கா. அக்கி ஆறியும் விலாவில் எரிச்சல் போகாதவர். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேட்டேன், விழித்தார். டாக்டர் தாளை மூடிவிட்டு, "ஜாக்கெட் போட முடியுதாம்மா?" என்றார்.

"துணி பட்டாலே உசுரு போகுதுங்க."

"நம்பரை நம்பாதீங்க சிஸ்டர், ஆளைப் பாருங்க" என்றார் என்னிடம். அன்றே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டேன்.

சில வாரங்களில் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் வலி குறைந்தது என்றார்கள். சந்தேகப்பட்டு ஒரு பெரியவரைத் தனியாக விசாரித்தேன்.

"அந்தம்மா இம்புட்டு தூரம் பஸ்ஸேறி வாராங்க. கொறயலைன்னு மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது கண்ணு?"

உடனே டாக்டரிடம் போய்ச் சொன்னேன். எண்களை விட்டுவிட்டு, பாப்பாயி அக்காவிடம் நீங்கள் கேட்ட மாதிரியே எல்லோரிடமும் கேட்போம் என்றேன். "எண் இறங்குதில்ல? எழுதிட்டு வாங்க சிஸ்டர்" என்றார்.

கடைசியில் மருந்து சாப்பிட்டவர்களும் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களும் ஒரே எண்ணில் நின்றார்கள். பலனில்லை என்று ஆய்வை நிறுத்தினார்கள். காரணம் கேட்ட கூட்டத்தில் டாக்டர், "நர்ஸ் சரியாகக் கேட்டு எழுதவில்லை" என்றார். நான் மூன்றாவது வரிசையில்தான் இருந்தேன். என் பக்கம் அவர் திரும்பவேயில்லை. இப்படி நம்பவைத்துக் கழுத்தறுப்பார் என்று நான் நினைத்ததில்லை.

யாருக்கு எது என்ற பட்டியலைத் திறந்தபோது பாப்பாயி அக்காவுக்குக் கிடைத்தது அசல் மருந்து என்று தெரிந்தது. ஜாக்கெட் போட்டுக்கொண்டு மிளகு பறிக்கப் போக ஆரம்பித்திருந்தவர், மாத்திரை நின்றதும் மறுபடி வீட்டுக்குள் முடங்கிவிட்டார்.

சாவுச் செய்தியை அவரிடம் நேரில் போய்ச் சொன்னேன். "தங்கமானவங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வலி எப்படியிருக்குக்கா?"

"நீ இவ்வளவு தூரம் வந்திருக்க. கொறஞ்சிருக்கு கண்ணு."

டாக்டரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரே ஒரு கேள்வி. அதைக் கேட்டேன்.

"ஜாக்கெட் போட முடியுதாக்கா?"

அக்கா தலை குனிந்துகொண்டார்.