அத்தானின் சர்வரில் இருந்த பழைய பெட்டி

என் அக்காள் கணவரை நான் வெறுக்கத் தொடங்கியது ஒரு மீன் தலையின் முன்னால். மலேசியாவின் கெடா மாநிலத்தில், செமிலிங்கில் அக்கா வீட்டில், மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். குழம்பில் கிடந்த பெரிய தலையைத் தன் தட்டுக்கு இழுத்துக்கொண்ட அத்தான், கன்னத்துச் சதையைப் பிய்த்தபடியே, "பாப்பா, அலோர் ஸ்டார் கடைக்காரன் ஒன் மசாலாவுல கல்லு கடிக்குதுன்னு எழுதியிருக்கானே, பதில் போட்டியா?" என்றார். வீட்டில் கடைக்குட்டி என்பதால் ஐம்பதைத் தொட்ட பிறகும் நான் பாப்பாதான். அது என் கடையின் மின்னஞ்சலுக்கு அன்று காலையில் வந்த கடிதம். மேசையைச் சுற்றி அவருடைய தம்பி குடும்பம் முழுவதும் உட்கார்ந்திருந்தது. எல்லாரும் சோற்றில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார்கள். அத்தான் அந்தக் கடிதத்தின் மிச்சத்தையும் ஒரு வரி விடாமல் ஒப்பித்தார்.

அவருக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை என்பதுதான் என்னை அதிகம் எரித்தது. ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரானிக் டெக்னீஷியனாக இருந்து விலகியவர் அத்தான். வீட்டின் பின்னறையில் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு சர்வரை வைத்துக்கொண்டு, எங்கள் பக்கத்துத் தமிழ்க் கடைகளுக்கெல்லாம் இணையதளமும் மின்னஞ்சலும் நடத்திவந்தார். பூக்கடை, கல்யாண மண்டபம், டியூஷன் சென்டர், பீடோங்கில் எங்கள் மசாலா மில், எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள் குடியிருந்தன. எல்லாருடைய இணைய முகவரியும் அத்தான் பெயரில்தான் பதிவாகியிருந்தது. ஒருவரும் ஒரு காகிதம் கேட்டதில்லை. எங்கள் வீட்டிலோ கேட்கவே முடியாது. வீட்டு மூத்த மாப்பிள்ளையிடம் எழுத்தில் கேட்பது அவர் சட்டைப் பையில் கைவிட்டுத் துழாவுவது மாதிரி. அதனால் எங்கள் கடையின் இணைய முகப்பில் எங்கள் தொலைபேசி எண்ணைவிடப் பெரிய எழுத்தில் அவருடைய எண் இருந்ததைச் சகித்தோம். செமிலிங்கில் மழைக்கு மின்சாரம் போனால் பீடோங்கில் எங்கள் கடை உலகத்திலிருந்து காணாமல் போனதையும் சகித்தோம். அவர் எங்கள் கடிதங்களைப் படிக்கிறார் என்பது மட்டும் அந்த மீன் தலை நாள்வரை எனக்குத் தெரியாது.

அந்தக் கடிதங்களில் என் வீட்டுக்காரருடையவையும் இருந்தன. அதைச் சொல்லாமல் என் கோபம் யாருக்கும் புரியாது.

என் வீட்டுக்காரர் வேனில் மசாலாவை ஏற்றிக்கொண்டு கெடா முழுக்கச் சுற்றியவர். புக்கிட் செலம்பாவில் தொடங்கி, பெண்டாங் வயல்வெளிகளைத் தாண்டி வடக்கே போய்விட்டு, இருட்டுவதற்குள் திரும்புவார். ஒவ்வொரு கடை வாசலிலும் வேனுக்குள் உட்கார்ந்து, ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி, அந்தக் கடையின் ஆர்டரை எங்கள் கடை மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுவார். மீன் மசாலா இத்தனை, இறைச்சி மசாலா இத்தனை, மஞ்சள் தூள் இத்தனை என்று பட்டியல். பட்டியல் முடிந்ததும் வெற்றாக நிறைய இடம் விட்டு, திரையைத் தள்ளிக்கொண்டே போனால்தான் கண்ணில் படும்படி, அடியில் எனக்கு ஒரு வரி. அச்செடுக்கும் பெண்கள் பார்த்துவிடக் கூடாதென்று அந்த இடைவெளி. "இங்கே மழை. வேனிலேயே தூங்கிவிட்டேன்." "காலையில் நீ சண்டை போட்டது சரிதான், நான்தான் தப்பு." "கடைக்காரர் பெண்ணுக்கு உன் மூக்கு." வீட்டுக்கு வந்தால் இந்த மனிதர் வாயைத் திறக்கமாட்டார். சாப்பாடு எப்படி என்று கேட்டால் தட்டைக் காட்டுவார். என்னிடம் அவர் பேசியதெல்லாம் அந்த ஆர்டர்களின் அடியில்தான் என்று சொன்னால் மிகையில்லை.

ஒரு நாள் பெண்டாங்கில், ஒரு மளிகைக் கடை வாசலில், வேனுக்குள்ளேயே அவர் இறந்துபோனார். நெஞ்சுவலி. அடுத்த வருடம், மின்னஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது என்று சொல்லி, அத்தான் பழைய கடிதங்களை எல்லாம் தன் சர்வரில் வேறொரு பெட்டிக்கு மாற்றினார். அதன் கடவுச்சொல் அவரிடம் மட்டும் இருந்தது. நான் கேட்கவில்லை. அவற்றைத் திறந்து பார்க்கும் மனம் எனக்கு அப்போது இல்லை. எங்கேயோ பத்திரமாக இருக்கின்றன, என்றைக்காவது படிப்பேன் என்ற நினைப்பே அப்போதைக்குப் போதுமாக இருந்தது.

மீன் தலைக்கு மறுநாளே சுங்கை பட்டாணியில் கடைகளுக்கு இணையதளம் நடத்தித் தரும் ஒரு நிறுவனத்தின் படியேறினேன். அங்கே பொறுப்பில் இருந்தவர் முக்காடு போட்ட ஒரு தமிழ் முஸ்லிம் பெண்மணி, என் வயதுதான் இருக்கும். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "அக்கா, வெப்சைட்ட மாத்துறது ஒரு நாள் வேலைதான். டொமேன் உங்க பேருக்கு வரணும், அதுக்கு அவரு ஒரு கோட் குடுக்கணும். மெயில்தான் சுசா. பழைய எடத்துல இருக்கறத அவங்க மூடறதுக்கு முன்னாடி நாம இழுத்துக்கணும். மூடிட்டா என்னால ஒண்ணும் முடியாது லா" என்றார். சிரமம் என்பதை எங்கள் ஊரில் சுசா என்றுதான் சொல்வோம், பேச்சின் வாலில் ஒரு லாவும் ஒட்டிக்கொள்ளும். ஆக எனக்கு வேண்டியவை இரண்டு. முகவரியை விடுவிக்கும் அந்தக் கோட், பழைய பெட்டியின் கடவுச்சொல். இரண்டும் அத்தான் கையில்.

அவரிடம் நான் நேராகக் கேட்கவில்லை. அக்காவை அனுப்பினேன். எங்கள் குடும்பத்தில் மனக்கசப்பு வந்தால் அப்படித்தான். மாப்பிள்ளையும் மைத்துனியும் நேருக்கு நேர் வார்த்தை தடிக்கக் கூடாது, நடுவில் ஒரு பெண் நின்று இரண்டு பக்கமும் எடுத்துப்போவாள். அப்போது தவக்காலம் தொடங்கியிருந்தது. மற்றவர்கள் இறைச்சியை விடுவார்கள், சர்க்கரையை விடுவார்கள். அக்கா அந்த வருடம் ஈஸ்டர்வரை ஒரு கடுஞ்சொல்லும் தன் வாயிலிருந்து வராது என்று நேர்ந்துகொண்டிருந்தாள். எனக்கும் அது தெரியும். நல்லதுதான், கொஞ்ச நாள் நம்மையாவது திட்டாமல் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்தவர் வாயிலிருந்து வரும் கடுஞ்சொல்லையும் அவள் அந்தக் கணக்கில் சேர்த்திருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"அக்கா, அவருகிட்ட சொல்லு. ரெண்டு நாள்ல கோடும் பாஸ்வேர்டும் வரலன்னா போலீஸ்ல ரிப்போர்ட் குடுப்பேன்" என்றேன். அக்கா தலையை ஆட்டினாள். நான்கு நாள் கழித்து, கோயில் அறிவிப்புத் தாளின் பின்பக்கத்தில் அத்தானின் கையெழுத்தில் கோட் மட்டும் வந்தது. கடவுச்சொல் வரவில்லை. "பழைய பெட்டியில என்ன இருக்குன்னு கேக்குறாரு" என்றாள் அக்கா. அங்கேதான் நான் என் அறிவைக் காட்டினேன். என் வீட்டுக்காரரின் கடிதங்கள் என்று சொன்னால் இந்த ஆள் முதல் வேலையாக உட்கார்ந்து அத்தனையையும் படிப்பார், அடுத்த ஞாயிறு மீன் குழம்போடு பரிமாறுவார் என்று நிச்சயமாக நம்பினேன். "கம்பெனி பேப்பர். வேற ஒண்ணுமில்லன்னு சொல்லு" என்றேன். அக்காவிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை.

இணையதளம் ஒரே நாளில் சுங்கை பட்டாணிக்குக் குடிபோனது. புதிய மின்னஞ்சலும் ஓடத் தொடங்கியது. முகப்பில் அத்தானின் எண் இல்லாமல் எங்கள் கடையைப் பார்த்தபோது, வெகுநாள் வாடகைக்கு இருந்தவன் காலி செய்து போன அறையைப் பார்த்த மாதிரி நிம்மதியாக இருந்தது. பழைய பெட்டிக்காக மட்டும் அக்காவை மறுபடியும் மறுபடியும் அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் என் வார்த்தை முந்தினதைவிடக் கெட்டுப்போயிருந்தது. அத்தானிடமிருந்து வந்த பதில்களோ வரவரத் தேனாகிக்கொண்டே போயின. கடைசியாக அக்கா வந்து, "அவசரமே இல்லியாம் பாப்பா. ஈஸ்டர் முடிஞ்சு ஒக்காந்து மெதுவா எடுத்துக்கலாம்னாரு" என்றாள். எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஆனாலும் நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

ஈஸ்டர் பூசை முடிந்ததும், கோயில் வளாகத்தில் கார் நிறுத்தும் இடத்தில், அத்தானிடம் நானே போய்ப் பேசினேன். அக்காவின் விரதம் முடிந்துவிட்டது, எங்கள் சண்டையும் முடியட்டும் என்றுதான் போனேன், பொய் சொல்லவில்லை. "அத்தான், இந்த வாரம் வந்து அந்தப் பழைய பெட்டிய எடுத்துக்கலாமா?" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எந்தப் பெட்டி? ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்து ஞாயிறுக்குள்ள ஆள அனுப்பி எடுத்துக்கச் சொல்லு, அதுக்கு மேல சர்வரே இருக்காதுன்னு சொல்லி அனுப்பினேன் இல்ல? நீ போனதப் பாத்துட்டு மண்டபத்துக்காரரும் போயிட்டாரு, டியூஷன்காரரும் போயிட்டாரு. யாருக்காக அத ஓட்டறது? எல்லாத்தையும் அழிச்சு மெஷினையும் வித்தாச்சு."

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கையில் இருந்த ஜெபப் புத்தகத்தின் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "அவரு அன்னிக்கு எவ்வளவு கோவமா சொன்னாரு தெரியுமா? அத அப்படியே வந்து நான் எப்படிச் சொல்றது?" என்றாள். நான் போலீஸ் என்று சொன்னதுகூட அத்தானுக்குப் போய்ச் சேரவில்லை. நேரம் கிடைக்கும்போது கொடுங்கள் என்றுதான் போயிருக்கிறது. அந்தத் தவக்காலம் முழுக்க நானும் அத்தானும் ஒருவரை ஒருவர் கிழித்துக்கொண்டிருந்தோம். அக்கா நடுவில் நின்று, இரண்டு பேருக்கும் இரண்டு நல்ல மனிதர்களை உண்டாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அவரோட கடிதம், அத்தான், அதுல இருந்தது. எனக்கு எழுதினது" என்றேன். முதல்முறையாக. அத்தானின் முகம் மாறியதை நான் பார்த்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன். "அந்த ஒரு வார்த்தைய சொல்லியிருந்தா நானே கொண்டாந்து குடுத்திருப்பேனே" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "அழிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு ஒண்ணா தொறந்து பாத்துட்டுத்தான் பாப்பா அழிச்சேன். அவரு அனுப்பினது எல்லாம் வெறும் ஆர்டர் லா. மீன் மசாலா, மஞ்சத் தூளு. வேற ஒண்ணும் இல்ல."

ஊரார் கடிதத்தையெல்லாம் ஒரு வரி விடாமல் படித்த மனிதர், படிக்க வேண்டிய இடத்தில் மட்டும் பட்டியல் முடிந்ததும் நிறுத்தியிருக்கிறார்.

இப்போது மூன்று வருடம் ஆகிறது. சுங்கை பட்டாணி சர்வரில் எங்கள் கடை ஒரு நாளும் காணாமல் போனதில்லை. அத்தான் வீட்டுப் பின்னறையில் அரிசி மூட்டைகள் மட்டும் இருக்கின்றனவாம், நான் போய்ப் பார்க்கவில்லை. கோயிலில் பூசை நடுவே ஒருவருக்கொருவர் சமாதானக் கை கொடுக்கும் நேரத்தில் அவர் என் பக்கம் திரும்புவார், நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். அக்காவிடம் எனக்குக் கோபம் இல்லை, அவளிடம் கோபப்பட எனக்கு வராது. அத்தானை மன்னித்துவிடு என்று பங்குத்தந்தை இரண்டு முறை சொல்லிவிட்டார். முடியாது, சுவாமி என்றேன். ஏன் என்று கேட்டார். ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

உண்மையான காரணம் இது. அத்தானை மன்னித்துவிட்டால் அந்தக் கோபம் என்னிடம்தான் திரும்பி வரும். என் வீட்டுக்காரர் இறந்த அன்று மத்தியானம் பெண்டாங்கிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. மில்லில் அரைப்பு ஓடிக்கொண்டிருந்தது, ஆள் பற்றாக்குறை, என் கையெல்லாம் மிளகாய்த் தூள். மீன் மசாலா எத்தனை பாக்கெட் என்று பார்த்தேன். பையன்களுக்குச் சத்தம் போட்டுச் சொன்னேன். மூடிவிட்டேன். கீழே தள்ளிப் பார்க்கவில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். அவர் அன்று எனக்கு என்ன எழுதியிருந்தார் என்று எனக்குத் தெரியாது.