அம்மா இல்லாத கதைகள்

கண்டியில் எங்கள் விடுதியில் தங்கியிருந்த ஆங்கிலேய அம்மையார் நூற்றுக்கு மேற்பட்ட காதல் நாவல்கள் எழுதியவர். வயது எண்பதைத் தாண்டியிருக்கும். காலையில் பல்கனியில் நடந்தபடியே அடுத்த கதையைக் கைபேசிக்குச் சொல்லுவார்.

என் மகள் ஒருவனோடு வீட்டைவிட்டுப் போன வாரம் அது.

"இவவின்ர கதையளைப் படிச்சுத்தான் எங்கட பிள்ளையும் ஓடினவள்" என்று கணவர் முணுமுணுத்தார்.

நான் அந்த அம்மையாரிடமே ஆங்கிலத்தில் கேட்டேன்: "உங்கள் கதைகளில் மகள் போன பிறகு அம்மா என்ன செய்வாள்?"

அவர் நடப்பதை நிறுத்தினார். "கதை தொடங்குமுன்பே அம்மாவைச் சாகடித்துவிடுவேன். அவள் இருந்தால் என் நாயகிகளால் வாசலைத் தாண்ட முடியாது" என்றார் களைப்போடு. "உண்மையில் அம்மா என்ன செய்வாள்?"

"இன்னும் அவளுக்கும் சேர்த்தே சமைக்கிறேன்."

அன்று மத்தியானம் அவர் குசினிக்கு வந்து, மகளின் பங்குச் சோற்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அது எனக்கு ஆறுதலாக இருந்ததா, கோபமாக இருந்ததா என்று இன்னமும் தெரியவில்லை.