மடிக் கிணற்றில் மாடித் தண்ணீர்

ஸ்ரீரங்கன் மாமாவுக்குச் சட்டம் என்றால் பயம். மடி, ஆசாரம் என்றால் அதைவிடப் பயம். கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மயிலாப்பூரில் அவர் வீட்டு மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். கொல்லைப்புறக் கிணற்றுக் கயிற்றைத் தொட எனக்கு இன்றுவரை அனுமதி கிடையாது.

வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தபோது, அவரும் மொட்டை மாடியிலிருந்து ஒரு குழாய் இறக்கினார். அதைக் கிணற்றில் விட்டிருந்தால் வேலை முடிந்தது. காக்கை எச்சமும் குடித்தனக்காரர் செருப்புத் தூசியும் கலந்த தண்ணீர் மடிக் கிணற்றில் விழலாமா? குழாயை வாசல் பக்கம் கொண்டுபோய், மண்ணில் ஒரு சாண் புதைத்து, சுற்றிச் சிமென்ட் பூசிவிட்டார். சட்டத்துக்கும் குறையில்லை, ஆசாரத்துக்கும் குறையில்லை. மழைதான் தெருவோடு போனது.

கிணறு எவ்வளவு காலம் பொறுக்கும்? சென்ற ஆண்டு வற்றிவிட்டது. ஐப்பசியில் அவருடைய அம்மாவின் திவசம். கிணற்றில் இறைத்துக் குளித்து, அந்தத் தண்ணீரிலேயே சமைப்பதுதான் அந்த வீட்டு வழக்கம். வேறு வழியில்லாமல் லாரித் தண்ணீரில் செய்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து மனிதர் அழுதார். எனக்கே கஷ்டமாக இருந்தது.

இந்த ஆடியில் ஆனந்தகுமார் என்ற அதிகாரி சோதனைக்கு வந்தார். குழாயில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றியது அத்தனையும் போக வழியில்லாமல் குழாய் இணைப்பு வழியே பீய்ச்சி மாமாவின் வேட்டியை நனைத்தது.

“குழாய் இருக்கு, குழி எங்க சார்? சட்டம் போட்டு இருவது வருஷத்துக்கு மேல ஆவுது. சரி பண்ணலன்னா தண்ணி கனெக்‌ஷன கட் பண்ணிடுவாங்க.”

அவர் போனதும் மாமி ஸ்ரீலக்ஷ்மி ஒரு பிடி பிடித்தார்.

“ஏன்னா, கோவில் குளத்துக்குத் தெருவுல பெய்யற மழைதானே போறது? அந்தத் தண்ணியத் தலையில தெளிச்சுண்டுதானே உள்ள போறேள்?”

“அது குளம்.”

“இது கிணறு. ரெண்டுக்கும் ஒரே வானம்தான்.”

மறுநாள் பிளம்பரை அவரே கூட்டிவந்தார். குழாய் கிணற்றுப் பக்கம் திரும்பியது. நடுவில் மணலும் ஜல்லியும் போட்ட வடிகட்டித் தொட்டி. அத்தோடு விட்டாரா? மொட்டை மாடியையும் மடியில் சேர்த்துவிட்டார். துணி உலர்த்தப் போனாலும் படியிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும். துடைப்பம் எடுத்துத் தானே பெருக்கிக் கழுவினார். நான் வாய்க்குள் சிரித்துக்கொண்டேன். ஆனால் ஐப்பசி பிறந்தும் மழை வராமல், அவர் கிணற்றை எட்டி எட்டிப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை.

திவசத்துக்கு முந்தின வாரம் கொட்டித் தீர்த்தது. குழாய் ஓயாமல் கிணற்றுக்குள் சளசளத்தது.

திவசத்தன்று, வாளி தண்ணீரில் விழுந்த சத்தம் மாடிவரை கேட்டது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். எல்லாம் முடிந்து கொல்லைப்புறம் வந்தவரிடம், “திருப்தியா மாமா?” என்று கேட்டேன்.

கண் கலங்கியிருந்தது. “அம்மா என்னைவிட ஆசாரம். மாடித் தண்ணியான்னு கத்தி ஆத்தையே ரெண்டு பண்ணியிருப்பா” என்றார். “எள்ளும் தண்ணியும் இறைச்சேன். திட்டிண்டேதான் வாங்கிண்டிருப்பா.”