இடப்பக்கம் இல்லாத வாரங்கள்

தோட்டத்து வாயிலில் லோரி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "பெர்ஹெந்தி!" (நில்!) என்ற குரல் கேட்டது. வலப்பக்கத்திலிருந்து வந்ததாக நினைத்து, அந்தப் பக்கம் வேலியோரம் நடந்தேன். காவலர் நின்றது இடப்பக்கம். அவர் கண்ணுக்கு நான் தப்பி ஓடுபவன்.

துப்பாக்கி உயர்ந்தது. என் மனைவி அஞ்சலை ரப்பர் பால்வாளியைப் போட்டுவிட்டுக் குறுக்கே வந்தாள்.

"சுடாதீங்க! அவருக்கு ஒரு காது கேக்காது!"

மலாய்க்காரக் காவலருக்குத் தமிழ் தெரியாது. அவள் தன் காதைப் பிடித்துக் காட்டியது புரிந்திருக்க வேண்டும். துப்பாக்கி தாழ்ந்தது.

மலாயாவில் கம்யூனிஸ்டுகளைத் தேடிய அவசரகாலம் அது. கோல சிலாங்கூருக்கு அருகில் இருந்த எங்கள் தோட்டத்தில் லயங்களைச் (தொழிலாளர் வரிசை வீடுகள்) சுற்றி முள்வேலி. பால்வெட்டப் போகிறவர்கள் தினமும் அந்த வாயிலைக் கடந்தாக வேண்டும்.

மழையில் பிடித்த சளி போய்விட்டிருந்தது. இடது காதில் அடைப்பு மட்டும் நின்றது. வலியில்லை. என் பேச்சே பானைக்குள்ளிருந்து கேட்டது. பெரட்டில் (காலையில் பேர் கூப்பிடும் இடம்) கிராணி (தோட்டத்துக் கணக்கர்) சொல்வது சரியாக விழாவிட்டாலும் தலையாட்டிவிடுவேன். அஞ்சலை பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைக் காதில் ஊற்றிவந்தாள். லயத்தில் எல்லோரும் செய்வதுதான்.

துப்பாக்கி உயர்ந்த மறுநாள் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். மருத்துவர் இசைக்கவையை (தட்டினால் ஒலிக்கும் இரும்புக் கவை) தட்டி என் நடுநெற்றியில் வைத்தார்.

"எந்தக் காதுல கேக்குது?"

கேட்காத இடது காதில்தான் கணீரென்று கேட்டது. சொல்ல வெட்கமாக இருந்தது. "வலதுலதான் ஐயா" என்றேன்.

அஞ்சலை என் முகத்தைப் படித்துவிட்டாள். "பொய் சொல்லாதீங்க. இது என்ன பெரட்டா, சும்மா தலையாட்டுறதுக்கு?"

"இடதுலதான் ஐயா. ஆனா அது செவிட்டுக் காது லா."

மருத்துவர் சிரித்தார். "நரம்பு செத்திருந்தா அங்க கேக்காது. நரம்பு நல்லா இருக்கு. வழிதான் அடைஞ்சிருக்கு."

ஒலி என் மண்டையோட்டின் வழியே போய்ச் சேர்ந்திருக்கிறது. எலும்பு கேட்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

நடுச்செவியில் (செவிப்பறைக்குப் பின்னால் உள்ள காற்றறை) நீர் கோத்திருந்தது. அங்கிருந்து தொண்டைக்குப் போகும் குழாய் சளியில் வீங்கி மூடினால் காற்று குறைந்து நீர் ஊறும் என்று விளக்கினார். "நீங்க ஊத்துன எண்ணெய் செவிப்பறைக் கதவுக்கு வெளிய நிக்குது, தண்ணி உள்ள."

"அப்ப இத்தனை நாளா நான் கதவுக்கா தாளிச்சேன்?" என்றாள் அஞ்சலை.

மூக்கின் பின்புறத்தைச் சிறு கண்ணாடியால் பார்த்து, கட்டி இல்லை என்றார். மூக்கைப் பொத்தி, வாயை மூடி, மெல்ல ஊதச் சொன்னார். சில வாரங்கள் ஊதினேன். அதுவரை அஞ்சலை என் இடப்பக்கமாக நடந்து வாயிலைக் கடத்திவிட்டாள். நீர் வடியவில்லை. பிறகு மருத்துவர் செவிப்பறையில் மிகச் சிறிதாகக் கீறினார்.

நீர் தேன் நிறத்தில் வந்தது. ஒரு தேக்கரண்டிகூட நிறையாது. என்னைச் சாவின் முன் நிறுத்திய நீர் அவ்வளவுதான்.

விசிறி மேலே சுழன்றது. வராந்தாவில் யாரோ செருப்பைத் தேய்த்து நடந்தார். அஞ்சலையின் வளையல் இடப்பக்கம் அசைந்தது. ஒவ்வொரு ஒலியும் தன் இடத்தில் இருந்தது. அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு காது மட்டும் அடைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: எண்ணெய் ஊற்றாமல் போய்க் காட்டுங்கள். கேட்பதை உள்ளபடி சொல்லுங்கள்.

கீறல் ஆறியபின் வாயிலில் அதே காவலர். அஞ்சலை வேண்டுமென்றே பின்தங்கினாள். "பெர்ஹெந்தி!" நின்றேன். இடப்பக்கம் திரும்பினேன். அங்கே இருந்தார். என்னைவிட அவர்தான் பெரிதாக மூச்சுவிட்டார்.

இப்போதும் யாராவது கூப்பிட்டால் உடனே திரும்புவதில்லை. எங்கிருந்து என்று உடல் சொல்லும்வரை ஒரு கணம் நிற்கிறேன். அப்படி ஒரு கணம் இருப்பதே முன்பு எனக்குத் தெரியாது.