காலர் மிஷினில் கை வைத்தவள்

அந்த சூப்பர்வைசரை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. அன்றைக்குக் காரணம் எதுவும் இல்லை. பிறகு கிடைத்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனி. எங்கள் லைனில் ஆண்கள் சட்டை தைப்போம். ஒருவர் காலர் தைப்பார், அடுத்தவர் அதைச் சட்டையில் ஏற்றுவார், அதற்கடுத்தவர் கை வைப்பார். ஒரு கட்டு முடிந்தால் பின்னால் இருப்பவரிடம் போகும். காலர் என்னுடையது. சட்டையில் கண் முதலில் விழும் இடம். இரண்டு முனையும் ஒரே அளவில், ஒரே கூர்மையில் நிற்க வேண்டும். பட்டன் பட்டி தைத்து, கை தைத்து, பல வருடம் கழித்து நான் வந்து உட்கார்ந்த இடம் அது.

சூப்பர்வைசர் எங்கள் லைனுக்கு வருமுன் புதுப் பெண்கள் லைனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டாபிராம், திருநின்றவூர் பக்கமிருந்து பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்த பெண்கள். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்து ஓட்டிக் காட்டுவாள். விரலில் ஊசி ஏறினால் தானே கட்டுப் போடுவாள். எல்லோருக்கும் முன்பாக வந்து மிஷின்களைத் துடைத்து எண்ணெய் போட்டு வைப்பாள். அழுதுகொண்டு ஓடப் பார்த்த பெண்கள் அவளால்தான் நின்றார்கள். இதை நான் மறுக்கவில்லை. அந்த லைனுக்கு அவள் சரி.

எங்களிடமும் அதையே கொண்டுவந்தாள். ஓடுகிற மிஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "மெதுவா... திருப்பும்போது ஊசி துணியிலயே நிக்கட்டும்" என்பாள். எனக்குப் பின்னால் காலர் ஏற்றும் கொரட்டூர்க்காரி ஒரு நாள் மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"டீச்சரம்மா, மூக்கு ஒழுவுது. அத்தயும் தொட்ச்சி உட்டுடேன்."

லைன் முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்து மழுப்பினாள். ஸ்டூல் மட்டும் நகரவில்லை.

சனிக்கிழமை மாலை மிஷினுக்கு எண்ணெய் போட்டு, ஊசிக்கு அடியில் ஒரு வேஸ்ட் துணியை வைத்துவிட்டுப் போவது எங்கள் வழக்கம். ஞாயிறு முழுக்கச் சொட்டுவதை அந்தத் துணி குடித்துவிடும். திங்கள் காலை துணியை எடுத்துவிட்டு நேராக வேலையை ஆரம்பிக்கலாம். புதுப் பெண்கள் லைனில் இந்த வழக்கம் கிடையாது.

ஒரு திங்கள், வெள்ளைச் சட்டை ஆர்டர். துணியை எடுத்தேன், தைத்தேன், கட்டை அனுப்பினேன். மத்தியானத்துக்குள் செக்கிங் மேசையிலிருந்து முழுக் கட்டும் திரும்பி வந்தது. காலர் முனைகளில் எண்ணெய்ப் புள்ளிகள். மேனேஜரும் கூடவே வந்தார்.

"அக்கா சனிக்கிழமை எண்ணெய் கொஞ்சம் அதிகமா விட்டுட்டாங்க போல சார். திட்டாதீங்க" என்றாள் சூப்பர்வைசர். எனக்காகப் பரிந்து பேசுகிறாளாம்.

"நான் எவ்வளவு விட்டேன்னு எனக்குத் தெரியும். காலைல என் மிஷின்ல வேற யாரோ கை வெச்சிருக்காங்க" என்றேன்.

"இதுதான் சார் வெச்சிது!" என்று கொரட்டூர்க்காரி எழுந்துவிட்டாள். "நா இன்னிக்கி முன்னாடி வண்டிய புட்சி வந்தேன். எண்ணெ டப்பாவ தூக்கினு இந்த மிஷினாண்ட நின்னுகினு இர்ந்துச்சி. நா என் கண்ணால பாத்தேன்."

"நீ உன் வேலையைப் பாரும்மா" என்றார் மேனேஜர். சூப்பர்வைசர் தரையைப் பார்த்தாள்.

என்னை நூல் பிசிறு வெட்டும் மேசைக்கு அனுப்பினார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டு, கத்தரிக்கோலால் அடுத்தவர் தையலின் வாலை நறுக்கும் வேலை. அந்த மேசைக்குப் போனவர்கள் மிஷினுக்குத் திரும்பியதை நான் பார்த்ததில்லை.

என் இடத்தில் சூப்பர்வைசர் ஒரு புதுப் பெண்ணை உட்கார வைத்தாள். அவள் தைத்த காலரில் ஒரு முனை கிளி மூக்கு, மறுமுனை முறம். இவள் ஸ்டூலைப் போட்டு, "பரவால்ல கண்ணு, பிரிச்சுட்டு மறுபடி தைக்கலாம்" என்று கொஞ்சிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்கு அது தேவைதான். ஆனால் பின்னால் ஒரு லைனே காத்திருந்தது.

"காலர் வர்ல. நா இன்னா, காத்த புட்சா சட்டைல ஏத்தறது?" என்று கொரட்டூர்க்காரி கையைக் கட்டிக்கொண்டாள். மற்றவர்களும் வந்ததைத் தைத்தார்களே தவிர, தேங்கியதைத் தீர்க்க ஒருத்தியும் கை கொடுக்கவில்லை. மேசையிலிருந்து எனக்கு எல்லாம் நன்றாகத் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது.

வியாழக்கிழமை சூப்பர்வைசர் மேனேஜரை அழைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"எண்ணெய் போட்டது நான்தான் சார். அவங்க ஏற்கெனவே போட்டது தெரியாம மேல போட்டுட்டேன்."

திங்களன்று வராத வார்த்தை, ஷிப்மெண்ட் தேதி கழுத்தைப் பிடித்ததும் வந்தது.

"வந்து உக்காருங்கக்கா."

"என் பக்கத்துல ஸ்டூல் வரக்கூடாது. எண்ணெய் டப்பாவும் வரக்கூடாது. எனக்கு மட்டும் இல்ல, இந்த லைன்ல யாருக்கும்."

"சரி" என்றாள். அக்காவுமில்லை, கொஞ்சலுமில்லை.

அதன் பிறகு அவள் எங்களிடம் வேறு ஆள். காலையில் எத்தனை சட்டை என்று சொல்வாள், போய்விடுவாள். கட்டிங்கில் தாமதமானால் அங்கே போய்ச் சண்டை போடுவாள். நூல் தீரும் முன் நூல் வரும். ஸ்டூல் புதுப் பெண்களிடமே போய்விட்டது, அங்கே பழைய கொஞ்சலும் தொடர்ந்தது. கற்பவளுக்குக் கையைப் பிடிக்க ஆள் வேண்டும், கை தேர்ந்தவளுக்கு வழியை அடைக்காத ஆள் வேண்டும். அவள் அதைக் கற்றுக்கொண்டாள், என் முதுகில் ஏறி நின்று. நல்ல பெயரும் வாங்கினாள். வேலையைத் தவிர ஒரு வார்த்தை நான் அவளிடம் பேசியதில்லை. அவள் கல்யாணத்துக்கும் போகவில்லை.

அந்த வியாழக்கிழமை நான் போய் உட்கார்ந்ததும் மிஷினை ஓட்டவில்லை. அந்தப் புதுப் பெண் நூலின் இறுக்கத்தைத் தளர்த்தியிருந்தாள், தையல் நீளத்தையும் மாற்றியிருந்தாள். ஒவ்வொன்றாகத் திருப்பினேன். ஓட்டிப் பார்த்தேன். மறுபடியும் திருப்பினேன். கட்டுகள் குவிந்து கிடந்தன. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். சூப்பர்வைசர் சற்றுத் தள்ளி நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சீக்கிரம் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை.