மார்ச் பன்னிரண்டு என்னும் வயல்

குடவாசல் பக்கத்து உழவர் சங்கம் ஒன்றில் தங்கமணி பதினோரு ஆண்டுகளாகக் கணினிப் பணியாளர். சம்பா விதைநெல்லுக்குப் பதிந்த நானூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்களின் பட்டியல் அவர் பொறுப்பு. பெயர், ஊர், புல எண் என்று காற்புள்ளியிட்டுப் பிரித்த எளிய கோப்பு அது. கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சிட்டே அதைத் திருத்துவார். எக்செல் பக்கம் போகமாட்டார். அதற்காகச் சங்கச் செயலர் சிவசங்கரன் அவரைக் கேலி செய்யாத வாரமில்லை.

சென்ற புரட்டாசியில் பட்டியல் விதைக் கிடங்கிலிருந்து திரும்பி வந்தது. அறுபத்து மூன்று புல எண்கள் செல்லாதவை; மாலை ஐந்துக்குள் திருத்தி அனுப்பாவிட்டால் அந்த அறுபத்து மூவருக்கும் விதை கிடையாது.

அவர்களில் முதலில் வந்து நின்றவர் வைரக்கண்ணு. அவர் வயலின் எண் 12/3. பட்டியலிலோ ‘12-மார்ச்’ என்றிருந்தது.

“என்னம்மா, எங்க வயலுக்குப் பொறந்தநாள் குறிச்சிட்டீங்களா? கேக்கு நான் வாங்கணுமா, சங்கத்துல தருவீங்களா?”

சிவசங்கரன் சிரிக்கவில்லை. தங்கமணியிடம் ஒரு தாளை நீட்டினார். ‘தட்டச்சில் நேர்ந்த என் பிழை’ என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்திட்டால் தங்கமணியின் வேலை ஒப்பந்தம் அடுத்த மாதம் நீளாது.

“போட்டுட்டு, உக்காந்து அறுபத்து மூணையும் திரும்ப அடிங்க.”

“திருத்திடுறேன் சார். கையெழுத்துப் போட மாட்டேன்.”

தங்கமணி, தாம் செயலரிடம் கொடுத்த கோப்பின் படியையும் செயலர் கிடங்குக்கு அனுப்பிய கோப்பையும் ஒப்பிடுமாறு கணினிக்குக் கட்டளையிட்டார். தம்முடையதில் 12/3 அப்படியே இருந்தது.

“எக்செல்ல தொறந்தீங்களா சார்?”

“தலைப்பு வரிக்கு மஞ்சள் அடிச்சேன். ரெண்டு புது உறுப்பினரச் சேத்தேன். அவ்ளோதான்.”

“இந்தக் கோப்புல மஞ்சள் நிக்காது சார். சர்வே நம்பரை அது தேதின்னு எடுத்துக்கிட்டதுதான் நின்னுடுச்சு.”

12/3அ போன்ற எழுத்துள்ள எண்கள் தப்பியிருந்தன. தேதியாகப் படிக்கத்தக்கவை மட்டுமே மாறியிருந்தன. புல எண் இருந்த மூன்றாம் பத்தியில் மட்டும் மாதப் பெயரை எண்ணாக்கி, நடுவில் சாய்கோடு இடும்படி ஒரே வரியில் கட்டளை எழுதினார். மறுபடி ஒப்பிட்டார். புதிய உறுப்பினர் இருவரின் வரிகளைத் தவிர வேறு மாற்றம் எதுவுமில்லை. அவ்விருவரின் எண்களைப் பட்டாவோடு சரிபார்த்தார்.

“முடிஞ்சிடுச்சா? நான் இன்னும் டீயே சொல்லலையே!” என்றார் வைரக்கண்ணு.

நான்கு பத்துக்குப் பட்டியல் சென்றது. சிவசங்கரன் குரலைத் தணித்தார்: “இருந்தாலும் பதிவுக்கு ஒரு விளக்கம் வேணுமேம்மா...”

தங்கமணி தாளிலிருந்த வரியை அடித்தார். அதன் கீழே, ‘செயலர் எக்செல்லில் திறந்து சேமித்ததால் நேர்ந்தது, ஒப்பீடு இணைப்பில்’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, தேதியும் இட்டார். தாளைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினார்.

“பெற்றுக்கொண்டேன்னு நீங்க ஒண்ணு போடுங்க சார்.”

சிவசங்கரன் சட்டைப்பையைத் தடவினார்.

“பேனாவா சார்? இந்தாங்க,” என்று வைரக்கண்ணு தம்முடையதை நீட்டினார்.