எல்லைக் கல்லும் சித்தப்பாவும்

சித்தப்பாவைப் போல மலையேறுகிற ஒருவரை நான் இன்னும் காணவில்லை. இத்தனைக்கும் அவருடைய காலில் கிடந்தவை யாரோ கொடுத்த பழைய சப்பாத்துகள். கொடுத்தவருடைய பாதம் பெரியது. முன்பக்கத்தில் துணியைத் திணித்துக்கொண்டுதான் நடப்பார். கைக்கு ஒரு தடியும் முதுகுக்குப் பையுமாக ஆயத்தமாக வருகிற ஜெர்மன்காரர்களை ஏற்றத்தில் முந்திப் போவார். போனவர் பிறகு நின்று, அவர்கள் வரும்வரை காத்திருந்து, வணக்கம் சொல்லி வழியும் விடுவார். முந்தியதை மரியாதைக்குறைவாக எடுத்துவிடக் கூடாதாம்.

எனக்கு அப்போது ஏழு வயது. கார்ல்ஸ்ரூஹேக்குத் தெற்கே, மலைகள் தொடங்குகிற இடத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். அப்பாவுக்கு உணவகக் குசினியில் வேலை. ஞாயிறு பகல் முழுக்க நித்திரை கொள்வார். சித்தப்பா அந்த வருடம்தான் இந்த நாட்டுக்கு வந்திருந்தார். அகதி விடுதியில் கட்டில், வேலை செய்ய அனுமதி இல்லை. ஆகவே நடந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் கூட்டிக்கொண்டு நடந்தார். மரங்களில் சிவப்பு மையால் வழி அடையாளம் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்து, அந்த மலைப்பாதைகள் எல்லாம் அவருக்குத் தன் ஊர் ஒழுங்கைகள் போல ஆகிவிட்டிருந்தன.

அம்மாவுக்கு இது பிடிபடவேயில்லை.

"கடைக்கும் இல்லை, கோயிலுக்கும் இல்லை. சும்மா ஏறிப்போட்டுச் சும்மா இறங்கிறதுக்கு ஏன் தம்பி பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போறியள்?"

"நடந்திட்டு வந்தால் உங்கடை கறி நல்ல ருசி, அண்ணி."

"அப்ப நடக்காட்டில் ருசி இல்லையோ?"

சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி ஓடிவிடுவார்.

அவருடைய நடைக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. அடைக்கலக் கேஸ் முடியும்வரை மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. ஒருமுறை ரயிலில் நித்திரையாகி, பக்கத்து மாவட்டத்தில் கண் விழித்துப் பிடிபட்டிருந்தார். அதற்குத் தண்டம் கட்டினார். இரண்டாம் முறை பிடிபட்டால் அது குற்ற வழக்கு. ஊரில் விட்டு வந்த சித்தியையும் கைக்குழந்தையையும் கூப்பிடுகிற அலுவல் அதோடு போய்விடும் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். அந்தச் சட்டத்தை இப்போது தளர்த்திவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான் என்பதால், அந்தப் பிரிவைத் தேடி எடுத்து, சித்தப்பாவுக்கே ஒருமுறை தமிழில் விளக்கினேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "வடிவாச் சொல்லுறாய்" என்றார்.

ஏழு வயதில் எனக்கு இருந்த விளக்கம் வேறு. தமிழ்ப் பள்ளியில் கிளித்தட்டு விளையாடியிருந்தேன். அதில் கோட்டில் நின்று மறிக்கிறவர் அந்தக் கோட்டை விட்டு விலகக் கூடாது. சித்தப்பாவும் அப்படி ஏதோ விளையாடுகிறார் என்றே நினைத்தேன்.

நாங்கள் வழக்கமாகப் போகிற பாதை உச்சிக்குக் கிட்ட, பாசி பிடித்த ஒரு மாவட்ட எல்லைக் கல்லைத் தாண்டிப் போகும். கல்லுக்கு அப்பால், கூப்பிடு தூரத்தில், ஊர்களைப் பார்ப்பதற்கென்று கட்டிய இரும்புக் கோபுரம் ஒன்று நின்றது. சித்தப்பா கல்லில் குந்தி இருப்பார். நான் ஓடிப்போய் முதல் தட்டுவரை ஏறி, கண்டதைத் திரும்பி வந்து சொல்வேன். ஆறு தெரிந்ததா, தேவாலயம் தெரிந்ததா என்று குடைந்து குடைந்து கேட்பார்.

இலை உதிர்கிற காலத்தில் ஒரு ஞாயிறு, எனக்குத் துணிச்சல் கூடி உச்சித் தட்டுவரை ஏறிவிட்டேன். அங்கே போய்க் காலடியைப் பார்த்தேன். தளம் முழுக்கக் கம்பி வலை. அதற்கூடாக நிலம் எங்கோ ஆழத்தில் தெரிந்தது. காற்றில் கோபுரம் முனகியது. கைப்பிடிக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

"சித்தப்பா!"

அவர் எழுந்து கல்லோடு ஒட்டி நின்றார். "டேய் அப்பன், கீழை பாராதை! கம்பியைப் பிடிச்சுக்கொண்டு பின்பக்கமா இறங்கு!"

"ஏலாது!"

"ஏலும், ராசா. என்ரை சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கு."

"ஏலாது! நீங்கள் வாங்கோ!"

கோபுரத்தடியில் வயதான ஒரு கணவனும் மனைவியும் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்தார். கல்லடியில் நின்று கத்துகிற, ஆனால் ஓர் அடியும் முன்னால் வைக்காத மனிதரைப் பார்த்தார். பயப்படாதே, பொலிஸைக் கூப்பிடுகிறேன் என்று ஜெர்மனில் சொல்லிவிட்டுக் கைத்தொலைபேசியை எடுத்தார். அழுகைக்கு நடுவிலும் எனக்கு ஒரு கடமை இருந்தது. எங்கள் வீட்டு மொழிபெயர்ப்பாளன் நான்தானே.

"சித்தப்பா, பொலிஸ் வருமாம்!"

உச்சியிலிருந்து எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. பெருந்தெருவைக் கடக்கிறவர் போல சித்தப்பா இடமும் வலமும் பார்த்தார். பிறகு ஓடினார். பாதி வழியில் ஒரு சப்பாத்துக் கழன்று பறந்தது. அவர் நிற்கவில்லை. இரும்புப் படிகள் அதிர, ஒற்றைச் சப்பாத்தோடு ஏறி வந்து, என்னைக் கம்பியிலிருந்து பிரித்து நெஞ்சோடு அணைத்தார். "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். எனக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

கீழே அந்த அம்மா பொலிஸைக் கூப்பிடாமலே தொலைபேசியை உள்ளே வைத்துவிட்டு, விழுந்த சப்பாத்தைத் தேடி எடுத்து, மண்ணைத் தட்டி, இரண்டு கையாலும் நீட்டினார். சித்தப்பா நன்றி சொல்லி வாங்கினார். போட்டுக்கொள்ளவில்லை. கல்லுக்கு இப்பால் வந்த பிறகுதான் குனிந்து போட்டார்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு ஓர் அண்ணை சாப்பிட வந்திருந்தார். வெளிநாட்டவர் அலுவலகத்தில் எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்க்கிறவர். அங்கே அதிகாரிகள் கேட்பார்கள், இவர் சொல்வார். அவருடைய வாயில் பலருடைய கேஸ் இருந்தது. இவ்வளவு பெரிய மனிதருக்குச் சித்தப்பாவின் பெருமை தெரியாமல் இருக்கலாமா? கோபுரத்தையும் பொலிஸையும் ஓட்டத்தையும் நானே கதிரையில் ஏறி நின்று நடித்துக் காட்டினேன்.

அம்மாவின் அகப்பை சட்டிக்குள் நின்றது. அப்பா, "டேய், வாயை மூடு" என்றார்.

சித்தப்பா சோற்றைப் பார்த்தபடி சொன்னார். "இல்லை அண்ணை. நான் கல்லுக்கு இஞ்சாலைதான் நிண்டனான். அவன் தானாத்தான் இறங்கி வந்தவன்."

"பொய்! ஒரு சப்பாத்தோடை ஓடி வந்தவர்!"

அண்ணை மேசைக்குக் கீழே பார்த்தார். சித்தப்பாவின் ஒரு காலுறை வெள்ளை. மற்றது முழுக்கச் சேறு காய்ந்து கிடந்தது. அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு நிமிர்ந்து பப்படத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டார்.

"சின்னப்பிள்ளையள் பயத்திலை என்னத்தையும் காணுவினம். தம்பி தனிய இறங்கின கெட்டிக்காரன். நான் கேட்ட கதை அதுதான். எங்கை, எல்லாரும் தம்பிக்குக் கை தட்டுங்கோ பாப்பம்!"

எல்லோரும் தட்டினார்கள். சித்தப்பா எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். எனக்கு முதலில் ஆத்திரத்தில் அழுகை வந்தது. அம்மா கோழிக்காலை என் சோற்றுக் கோப்பையில் வைத்ததும் அது மெல்லக் குறைந்தது. சாப்பிட்டு முடிப்பதற்குள், நான் தனியாகத்தான் இறங்கினேனோ என்று எனக்கே தோன்றத் தொடங்கிவிட்டது.

அண்ணை புறப்படும்போது, உச்சியிலிருந்து இறங்கிய வீரனாக வாசலில் முதல் ஆளாய் நின்று கையை நீட்டினேன். அவர் என் தலையைத் தடவிவிட்டுப் போய், சித்தப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்தார். நெடுநேரம் விடவில்லை. அவருக்கு ஆள் மாறிப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, நான் கையை நீட்டியபடியே நின்றேன்.